எல்லோருக்குமான அரிசி: பலமும் பிழையும்

1997இல் மத்திய அரசு பொது விநியோகத் திட்டத்தை இரண்டாகப் பிரித்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரு விலை, மேலே உள்ளவர்களுக்கு வேறு விலை. பெரும்பாலான மாநிலங்கள் அந்தக் கோட்டை ஏற்றன. தமிழ்நாடு ஏற்கவில்லை. அரிசி வேண்டும் என்று கேட்கும் குடும்பத்துக்கு அரிசி அட்டை உண்டு என்ற நிலையில் நின்றது. 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011இல் இலவசம் என்று விலை இறங்கியது. ஆட்சி மாறியபோதும் இந்தக் கொள்கை மாறவில்லை. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2016 நவம்பரில் மாநிலம் இணைந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் வருவோர் மாநில மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான். மற்றவர்களுக்கான செலவை மாநிலமே ஏற்றுக்கொண்டது.

ஏற்றத்தாழ்வைக் குறைக்க அரசுச் சேவையை எப்படி அமைப்பது என்று யோசிக்கும் எந்த நாடும் படிக்க வேண்டிய பாடம் இதில் இருக்கிறது. அந்தப் பாடத்தை அதன் குறைகளோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

முதலில் பலம். ஏழை யார் என்று கணக்கெடுத்துப் பட்டியல் போடுவது காகிதத்தில் எளிது, ஊரில் கடினம். 2004–05ஆம் ஆண்டுத் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பை ஆராய்ந்தவர்கள், நாட்டின் ஏழைக் குடும்பங்களில் ஏறத்தாழப் பாதியிடம் வறுமைக் கோட்டு அட்டையே இல்லை என்று கண்டார்கள். பட்டியலில் இடம்பிடிக்கத் தெரிந்தவர்கள் உள்ளே இருந்தார்கள். தெரியாதவர்கள் பசியோடு வெளியே நின்றார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலுக்கே வேலை இல்லை. யாருடைய சிபாரிசும் இல்லாமல் ஒரு கூலித் தொழிலாளி அரிசி வாங்க முடிந்தது.

இரண்டாவது பலம் கண்காணிப்பு. ஆசிரியர் வீடும் ஆட்டோ ஓட்டுநர் வீடும் ஒரே கடையில் சாமான் வாங்கும்போது, கடை திறக்காவிட்டால் கேள்வி கேட்கப் பலர் இருப்பார்கள். ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிய சேவையில் அந்தக் குரல் இருக்காது. அதே 2004–05 கணக்குப்படி, நாடு முழுவதும் ரேஷன் தானியத்தில் பாதிக்கு மேல் வழியில் மறைந்தது. தமிழ்நாட்டில் மறைந்தது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த வலைப்பின்னலின் வலிமை 2021 கொரோனாக் காலத்திலும் தெரிந்தது. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அரிசி அட்டைகளுக்கு 4,000 ரூபாய் நிவாரணம், மே, ஜூன் மாதங்களில் இரண்டு தவணையாக, இதே கடைகள் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது.

‘வசதி உள்ளவருக்கு எதற்கு இலவச அரிசி?’ என்ற கேள்வி எப்போதும் எழுகிறது. நியாயமான கேள்விதான். வசதி உள்ளவர்களில் பலர் அரிசி தராத சர்க்கரை அட்டையோடு நின்றுகொள்கிறார்கள். அரிசி அட்டை இருந்தும் வாங்காதவர்களும் உண்டு. ஆனால் இந்த வாங்காத அரிசியில்தான் திட்டத்தின் முதல் பிழை இருக்கிறது. வாங்கியதாக பில் போட்டுவிட்டால் அது வெளிச்சந்தைக்கும் மாவு அரைப்பவர்களுக்கும் மாநில எல்லை தாண்டியும் போகிறது. பொருள் வாங்காமலே ‘வாங்கிவிட்டீர்கள்’ என்று செல்போனுக்கு மெசேஜ் வந்த அனுபவம் பலருக்கு உண்டு. எல்லோருக்கும் தரும் திட்டத்தில் இந்த வகைக் கசிவுக்கு இடம் கூடுதல் என்பதை அதன் ஆதரவாளர்கள் மறைக்கக் கூடாது.

இரண்டாவது பிழை தராசில் இருக்கிறது. கிடங்கிலிருந்து வரும் மூட்டையே எடை குறைவாக வருகிறது என்பது விற்பனையாளர்களின் நெடுநாள் புகார். அந்தக் குறையை ஈடுகட்டும் சுமை கடைசியில் வரிசையில் நிற்பவர் பையில்தான் விழுகிறது. தட்டிக் கேட்கத் தெரிந்தவருக்குச் சரியான எடை, தயங்கி நிற்கும் மூதாட்டிக்கு ஒரு கிலோ குறைவு. அட்டையில் சமமாக இருப்பவர்கள் தராசின் முன் சமமாக இல்லை.

மூன்றாவது, கைரேகை. போலி பில்லைத் தடுக்க வந்த கருவி, கல் உடைத்தும் துணி துவைத்தும் ரேகை தேய்ந்த விரல்களைத் திருப்பி அனுப்புகிறது. சர்வர் கிடைக்கவில்லை என்றால் அன்றைய கூலியை இழந்து இன்னொரு நாளும் வரவேண்டும். வசதி உள்ளவருக்கு அது சிறு எரிச்சல். தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு.

நான்காவது பிழை எல்லாவற்றிலும் பெரியது. அரிசி வயிற்றை நிரப்பியது. உடலுக்கு வேண்டிய மற்ற சத்துகளைத் தரவில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகம் துவரம் பருப்பை 30 ரூபாய்க்கும் பாமாயிலை 25 ரூபாய்க்கும் தருவது பெரிய உதவி. ஆனால் தனியாக வாழும் ஒருவருக்கும் ஆறு பேர் குடும்பத்துக்கும் அதே ஒரு கிலோ பருப்புதான். உளுத்தம் பருப்பு பல ஆண்டுகளுக்கு முன்பே நின்றுபோனது. துவரம் பருப்பும் சில மாதங்களில் ‘இருப்பு இல்லை’ ஆகிவிடுகிறது. ஏழை வீட்டின் தட்டுக்கும் நடுத்தர வீட்டின் தட்டுக்கும் உள்ள வேறுபாடு இன்று சோற்றில் இல்லை. பருப்பிலும் முட்டையிலும் காய்கறியிலும் இருக்கிறது.

இந்தக் குறைகளைக் காட்டி, இங்கும் வறுமைக் கோடு போடலாம் என்று சொல்பவர்கள் நோயைத் தவறாகக் கணிக்கிறார்கள். எடைக் குறைவும் கைரேகைத் தடையும் எல்லோருக்கும் தருவதால் வந்தவை அல்ல. கடையை நடத்தும் முறையால் வந்தவை. வாங்காத அரிசியின் கசிவு ஒன்றுதான் திட்டத்தின் விரிவோடு சேர்ந்தது. அதையும் வேண்டாதவர் தாமே விட்டுக்கொடுக்கும் வழியை எளிதாக்கியும், பொய் மெசேஜ் பற்றிய புகாரை உடனே விசாரித்தும் குறைக்க முடியும். கோடு போட்டால் இவை எதுவும் தீராது. வரிசையில் குரல் கொடுக்கக் கூடியவர்கள் விலகிப்போவார்கள். குரலற்றவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. மூட்டையைக் கடை வாசலில் எடை போட்டு இறக்க வேண்டும். கைரேகை பதியாதவருக்கு அன்றே, அந்த இடத்திலேயே கையெழுத்து வாங்கிப் பொருள் தருவது எந்தக் கடையிலும் தவறக் கூடாது. பருப்பை அட்டைக் கணக்கில் இல்லாமல் ஆள் கணக்கில் தர வேண்டும். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டு சேர்க்கும் ஏற்பாட்டை 2025இல் அரசு தொடங்கியது சரியான திசை. அது எந்த மாதமும் தவறாமல் நடக்க வேண்டும்.

யாருக்குத் தருவது என்ற கேள்விக்குத் தமிழ்நாடு சரியாகவே பதில் சொல்லிவிட்டது. என்ன தருவது, எந்த எடையில் தருவது, எத்தனை முறை அலையவைத்துத் தருவது என்ற கேள்விகள் மிச்சமிருக்கின்றன. வரிசையில் மிகவும் தயங்கி நிற்பவர் முழு எடையோடு, ஒரே நடையில் வீடு திரும்புகிறாரா என்பதை வைத்தே இந்தச் சேவையை இனி அளக்க வேண்டும்.