இடைநிலையும் உள்ளொட்டும்: ஒரு கலைச்சொல் மயக்கம்

நன்னூலார் கூறும் ‘இடைநிலை’ என்னும் உறுப்பை, நவீன மொழியியலார் கூறும் உள்ளொட்டுக்கு நிகராக வைத்தெழுதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. மாணவர் விடைத்தாள்களில் மட்டுமன்றி, ஆய்வுக்கட்டுரைகளிலும் இதனைக் காணலாம். பெயர்ப்பொருத்தம் கண்டவிடத்துப் பொருட்பொருத்தமும் உண்டெனக் கொண்டதன் விளைவே இது. (உள்ளொட்டை ‘இடைச்செருகல்’ எனப் பெயர்ப்போரும் உளர். ஏட்டுப்பிரதிகளிற் பிற்காலத்தார் நுழைத்த பாடல்களுக்கு அச்சொல் என்றோ உரித்தாகிவிட்டது.)

ஓரடிச்சொல்லைப் பிளந்து அதனுள்ளே புகுந்து நிற்கும் உருபனே உள்ளொட்டு. பிலிப்பைன்ஸ் நாட்டுத் தகாலொக் மொழியில் ‘ஸூலத்’ என்பது எழுதுதலைக் குறிக்கும் அடி. அதன் முதல் மெய்க்கும் அடுத்துள்ள உயிருக்கும் இடையே ‘உம்’ புக, ‘ஸுமூலத்’ என்றாகி எழுதியவரை முதன்மைப்படுத்தும். ‘இன்’ புக, ‘ஸினூலத்’ என்றாகி எழுதப்பட்டதை முதன்மைப்படுத்தும். நீங்குதலைக் குறிக்கும் ‘அலிஸ்’ உயிரில் தொடங்குவதால் ‘உமலிஸ்’ என வரும். முதலுயிருக்கு முன்னிற்பதே ‘உம்’ ஒட்டின் இயல்பு. அவ்வுயிருக்கு முன் மெய் இருப்பின் அது அடியைப் பிளக்கும், இல்லையேல் முன்னொட்டுப்போல் தோன்றும். அதன் இடத்தை ஒலியமைப்பே தீர்மானிக்கின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

வடமொழியிலும் இதற்குச் சான்றுண்டு. ‘யுஜ்’ என்னும் அடி ‘யுனக்தி’ என வருகையில் நகரம் அடியின் உள்ளே புகுகின்றது. பாணினி இதற்கென மகரக் குறியொன்றை வகுத்து, அக்குறி பெற்ற உறுப்பு அடியின் இறுதி உயிரையடுத்து நிற்கும் என விதித்தார்.

இனித் தமிழை நோக்குவோம். ‘செய்தான்’ என்பதிற் ‘செய்’ பிளவுபடவில்லை. தகர ஒற்று அதன் பின்னே நிற்கின்றது. ‘ஆன்’ அதற்கும் பின்னே. ‘செய்வித்தான்’ என நீட்டினும் ஒட்டுக்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வரிசைப்படுகின்றனவேயன்றி அடியைத் துளைப்பதில்லை. நன்னூலார் ‘இடை’ என்றது பகுதிக்கும் விகுதிக்கும் இடையேயுள்ள நிலையை, பகுதியின் உள்ளிடத்தையன்று. பதவியலிலேயே வடமொழியாக்கத்துக்கும் இடமளித்த பவணந்தியார் சொல்லாத ஒன்றை, அவர் சொன்னதாக நாமே ஏற்றிவிட்டோம்.

இதற்குத் தடையாக எழுப்பத்தக்கது ஒன்றுண்டு. ஆடு – ஆட்டு, மாறு – மாற்று என்னும் இணைகளிற் பிறவினையை உணர்த்தும் இரட்டிப்பு உகரத்துக்கு முன்னரே நிகழ்கின்றது, அஃது உள்ளொட்டாகாதோ? இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும், அவ்வுகரம் வல்லின மெய்யை ஒலிப்பதற்குத் துணைநிற்கும் குற்றியலுகரம். அதனை நீக்கினால் மாற்றம் அடியின் ஈற்றில் நிகழ்வது புலப்படும். அடங்கு – அடக்கு என்பதிலோ எதுவும் புகவில்லை. மெல்லினம் இருந்த இடத்தில் வல்லினம் வந்துள்ளது.

அவ்வாறாயின் இம்மயக்கம் ஏன் நீடிக்கின்றது? ஷ்லைகர் முதலிய பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர் தனிநிலை, ஒட்டுநிலை, உட்பிணைப்புநிலை என மொழிகளைப் படிநிலைப்படுத்தி, தம் மொழிக்குடும்பத்தை உச்சியில் இருத்தினர். ஒட்டுநிலை மொழியாகிய தமிழ் ஒருபடி கீழே வைக்கப்பட்டது. பிறமொழிகளில் உள்ளவையெல்லாம் தமிழிலும் உள எனக் காட்டும் ஆர்வம் அவ்வேணியை எதிர்ப்பதுபோல் தோன்றினும், உண்மையில் அதனை ஏற்றுக்கொண்டே மேலேற முயல்கின்றது. உள்ளொட்டின்மை எம்மொழிக்கும் குறையன்று. சீனத்துக்கு வேற்றுமையுருபின்மை குறையாகாதவாறு போல.

இடைநிலையைக் ‘காலங்காட்டும் பின்னொட்டு’ என விளக்குவதே பொருந்தும். இடைச்சொற்கள் மொழியின் முன்னும் பின்னும் அடுத்து வரும் என்ற தொல்காப்பியர், உள்ளே வருவதாக யாண்டும் கூறினாரல்லர்.