குரோமியத்தில் அந்நிய அணுக்கள்

அக்னி நட்சத்திரத்தில் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில் பகல் வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதுச் செய்தியல்ல. தூய குரோமியத் துண்டு ஒன்று அங்கே கிடந்தால், அந்த வேளையில் அதன் காந்த ஒழுங்கு குலைந்திருக்கும்; மார்கழி விடியலில் மீண்டிருக்கும். இந்த ஒழுங்கு குலையும் எல்லையான நீல் வெப்பநிலை குரோமியத்துக்கு 311 கெல்வின், அதாவது 38 டிகிரி. அதற்குக் கீழே எலக்ட்ரான்களின் தற்சுழற்சி மாறி மாறி, அலையாக அடுக்கிக்கொள்கிறது. நம் கையிலுள்ள காந்தத்துக்கு இது தெரியாது. நியூட்ரான் கற்றையும், மின்தடை வரைபடத்தில் எழும் சிறு மேடும்தான் காட்டிக்கொடுக்கும்.

அந்நிய அணுக்களைச் சிறிதளவு கலக்கும் மாசூட்டல் இந்த ஒழுங்கை என்ன செய்கிறது? வழக்கமான விடை எலக்ட்ரான் கணக்கு. உலோகத்தில் எலக்ட்ரான்கள் நிரம்பிய நிலைகளின் எல்லையான ஃபெர்மி பரப்பில் எலக்ட்ரான் பகுதியும் துளைப் பகுதியும் ஏறத்தாழ ஒரே வடிவில் பொருந்துவதே ஒழுங்கின் வேர் என்று 1962இல் இயற்பியலாளர் லோமர் சொன்னார். வனேடியத்துக்குக் குரோமியத்தைவிட ஓர் எலக்ட்ரான் குறைவு. அது பொருத்தத்தைக் கெடுக்கிறது, சுமார் 3.5 விழுக்காடு சேர்ந்தால் தனிச்சுழி வெப்பநிலையிலும் ஒழுங்கு தலைகாட்டுவதில்லை. மாங்கனீசுக்கு ஓர் எலக்ட்ரான் கூடுதல். நீல் வெப்பநிலை ஏறுகிறது, அலையும் படிக அடுக்கோடு இசைந்துவிடுகிறது. இந்த இரண்டு சாட்சிகளோடு விசாரணையை முடித்துக்கொண்டால் கணக்கு வென்றுவிடும்.

இரும்பை அழைத்தால் வழக்கு திசைமாறுகிறது. அதற்கு இரண்டு எலக்ட்ரான் கூடுதல். கணக்குப்படி நீல் வெப்பநிலை மாங்கனீசைவிட உயர வேண்டும். இறங்குகிறது. இரும்பணு தனக்கென்று காந்தத் திருப்புத்திறனை வைத்துக்கொண்டு கூட்டத்தோடு ஒத்துப்போக மறுக்கிறது. மாலிப்டினம் இன்னும் சங்கடமான சாட்சி. தனிம அட்டவணையில் குரோமியத்துக்கு நேர் கீழே இருப்பதால் எலக்ட்ரான் எண்ணிக்கை மாறுவதே இல்லை. ஆனாலும் ஒழுங்கு தளர்கிறது.

குரோமியக் கலவைகளை ஒட்டுமொத்தமாகத் தொகுத்த 1994ஆம் ஆண்டு ஆய்வுரையை இயற்பியலாளர் ஃபாசெட் உள்ளிட்ட ஐவர் எழுதினார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் யக்மியும் அவர்களில் ஒருவர். அதன் பலம் அதன் அகலம்தான். ஒற்றை விதிக்குள் அடங்காத கலவைகள் எத்தனை என்பது அதைப் படித்தால் தெரியும்.

சிக்கல் இதுதான்: அந்நிய அணு எலக்ட்ரான் எண்ணிக்கையை மாற்றும்போதே சீர்குலைவையும் உள்ளே கொண்டுவருகிறது. இரண்டையும் பிரிக்க அழுத்தம் வேண்டும். தூய குரோமியத்தைச் சுமார் 10 கிகாபாஸ்கலுக்கு, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்குக்கு, நெருக்கினால் ஒரு மாசணுவும் இல்லாமலே ஒழுங்கு மறைகிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் உயர் அழுத்த ஆய்வு மையம் மாங்கனைட்டுகளிலும் மீகடத்திகளிலும் கைக்கொள்ளும் வழி இந்த வகையைச் சேர்ந்ததே. மாசூட்டலை மட்டும் நம்பி எழுதப்படும் ஆய்வுகளைவிட இதற்கே நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

'அப்படியானால் அணுக்களின் இடைவெளிதான் காரணம்' என்று தாவவும் முடியாது. அழுத்தம் படிகத்தைச் சுருக்கி ஒழுங்கைக் கெடுக்கிறது. பெரிய அணுவான மாலிப்டினம் படிகத்தை விரித்தும் அதையே செய்கிறது. ஆகவே என் தீர்ப்பு: வனேடியம், மாங்கனீசு விஷயத்தில் எலக்ட்ரான் கணக்கை ஏற்கலாம்; மாலிப்டினத்தில் எலக்ட்ரான் ஆற்றல் பட்டைகளின் அகலத்தையும், இரும்பில் அணுவின் சொந்தக் காந்தத்தையும் சேர்க்காமல் அந்தக் கணக்கு செல்லாது.