முதல் செயின் சா
தோப்புக்கு முதல் செயின் சா வாங்குபவர்கள் விலையைத்தான் முதலில் கேட்கிறார்கள். நாள் முழுக்க மரம் அறுக்கிறவருக்கு மெக்னீசிய உடல் கொண்ட தொழில்முறை மெஷின் வேண்டும். சூட்டைத் தாங்கும், பிரித்து மாட்டவும் எளிது. எப்போதாவது ஒரு பட்ட மரம் அறுப்பவருக்கு ஸ்டில் எம்எஸ் 170 போன்ற 30 சிசி மெஷினே தாராளம். பெயர் தெரியாத மலிவு மெஷின் மட்டும் வேண்டாம். செயின் சுற்றி ஓடும் தகடான பாரின் நுனி மரத்தில் இடித்து, மெஷின் முகத்தை நோக்கி எகிறும் நொடியில் நம்மைக் காப்பது செயின் பிரேக். அதில் பேரம் பேச முடியாது.

மிச்சப் பணத்தில் ஹெல்மெட், கால்காப்பு, உருட்டு அரம் வாங்குங்கள். கூரான செயின் மரத்துக்குள் தானாக இறங்கும். சீவல்கள் பறந்து விழுவதைப் பார்ப்பதே தனி சுகம். மாவாகக் கொட்டினால் மெஷினை அணைத்து, அரத்தை எடுத்துப் பல் பல்லாகத் தீட்ட வேண்டும்.