சோம்பேறிக் கண்ணும் டெட்ரிஸும்

எனக்கு 11 வயசு இருக்கும்போது ஒரு கண் டாக்டர் என் இடது கண்ணைப் பார்த்து, "லேசி ஐ, வயசு தாண்டிப்போச்சு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அதனால் 2013-இல் கரண்ட் பயாலஜி இதழில் வந்த டெட்ரிஸ் கட்டுரையை எவ்வளவு ஆசையாகப் படித்திருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கண்ணும் வெவ்வேறு படம் அனுப்பினால் மூளை ஒன்றை அமுக்கிவிடும். ஒரு கண்ணுக்கு நெடுக்குக் கோடுகள், இன்னொன்றுக்குக் குறுக்குக் கோடுகள் காட்டினால், யாருக்குமே சில நொடிக்கொரு தரம் மாறி மாறித்தான் தெரியும். ஆம்ப்ளியோபியா உள்ளவர்களுக்கு அந்த மாற்றம் நடப்பதில்லை. பெரும்பாலும் நல்ல கண்தான் ஜெயிக்கும். மெக்கில் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹெஸ் குழு, நல்ல கண்ணுக்குப் போகும் படத்தின் காண்ட்ராஸ்டைக் குறைத்துப் பார்த்தது. ஒரு கட்டத்தில் இரண்டு கண்ணின் தகவலும் சேர்ந்தது. அதாவது, பலவீனமான கண்ணின் லைன் அறுந்துபோகவில்லை. இதுவரை எனக்கு ஆட்சேபணை இல்லை.

அடுத்த தாவல்தான் இடிக்கிறது. அமுக்குவதைச் சரிசெய்தால் பார்வை வந்துவிடுமா? ஒரு சர்வர் ஸ்லோ ஆனால் லோட் பேலன்சர் அதை ஒதுக்கும். ஒதுக்கியதால் ஸ்லோ ஆச்சா, ஸ்லோ ஆனதால் ஒதுக்கியதா? 2013 ஆய்வில் ஆடியவர்கள் மொத்தம் 18 பேர். 9 பேர் இரண்டு கண்ணாலும், 9 பேர் நல்ல கண்ணை மூடிக்கொண்டும் ஆடினார்கள். கண் மூடியிருப்பது ஆடுபவருக்கே தெரியுமே! இரண்டு வாரத்தில் முதல் குழு முந்தியது, உண்மைதான். ஆனால் அதில் ஆர்வத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

2018-இல் வந்த பிராவோ ஆய்வு அதைப் பிரித்தது. 115 பேர், ஒரு பாதிக்கு, இரண்டு கண்ணுக்கும் ஒரே படம் காட்டும் போலி விளையாட்டு. இரு குழுவுக்குமே முன்னேற்றம் கிட்டத்தட்ட ஒன்றுதான், சார்ட்டில் ஒரு வரிகூட இல்லை. பலர் வீட்டில் சொன்ன நேரம் ஆடவில்லை என்கிறார்கள். சரி, யாரும் ஆடாத வைத்தியத்தை என்ன செய்வது?

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது வேறு. 2005-லேயே ஒரு அமெரிக்க ஆய்வு, கண்ணாடியோடு பழைய பேட்ச்சும் அட்ரோபின் சொட்டு மருந்தும் சேர்த்துக் கொடுத்தபோது 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் 53 சதவீதம் பேருக்கு இரண்டு வரியோ அதற்கு மேலோ தேறியதைக் காட்டியது. கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 25 சதவீதம்தான். ஆக 11 வயசு தாண்டிய வயசே இல்லை.

நானும் சிவப்பு-பச்சைக் கண்ணாடிக்கு ஒரு டெட்ரிஸ் எழுதி இரண்டு மாதம் ஆடினேன். ஸ்கோர் ஏறியது. சார்ட்டில் அதே வரிதான்.