கனம் கிருஷ்ணையர்: எந்த நூலை எவ்வளவு நம்பலாம்?

இசைப்புலவர் ஒருவரைப் பற்றி இடுபணி செய்யச் சொன்னால், நம் மாணவர்கள் பெரும்பாலும் தியாகராஜரிடம் போய் நிற்பாங்க. நூல் நிறைய இருக்கு, சிரமம் இல்லை. கொஞ்சம் துணிந்தவர்கள் கோபாலகிருஷ்ண பாரதியார் வரை வருவார்கள். கனம் கிருஷ்ணையரைத் தேர்ந்தெடுத்த மாணவி ஒருத்தியைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவளும் முதல் பத்தியிலேயே “மாண்புமிகு கிருஷ்ணையர்” என்று விளக்கம் எழுதியிருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ‘கனம் நீதிபதி’ என்று படித்துப் பழகியவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். இவர் பெயரில் உள்ள கனம், கன மார்க்கம் என்ற பாடுமுறையிலிருந்து வந்தது. அடிவயிற்றிலிருந்து குரலை எழுப்பி, கம்பீரமாகப் பாடும் முறை அது. பொப்பிலி கேசவையா என்ற பாடகர் தஞ்சைக்கு வந்து அப்படிப் பாடியதாகவும், அதைக் கற்க முன்வந்தவர் கிருஷ்ணையர் என்றும் சொல்வார்கள்.

யார் சொல்வார்கள்? இங்கேதான் ஆசிரியர்களும் மாணவர்களும் கொஞ்சம் நிற்கணும்.

இவரைப் பற்றித் தேடினால் இணையத்தில் பத்துக் கட்டுரையாவது கிடைக்கும். படித்துப் பாருங்க. எல்லாவற்றிலும் அதே கேசவையா, அதே உடையார்பாளையம் சமஸ்தானம், அதே வரிசை. பத்துக் கட்டுரையும் ஒத்துப்போகுதே, அப்படியானால் செய்தி உறுதிதான் என்று மாணவர் முடிவு கட்டிவிடுவார். உண்மையில் அது பத்துச் சாட்சி இல்லை. உ.வே. சாமிநாதையர் 1936இல் வெளியிட்ட ‘கனம் கிருஷ்ணையர்’ என்ற ஒரே சிறு நூலைத்தான் பெரும்பாலும் எல்லோரும் திருப்பிச் சொல்கிறார்கள். ஆகவே இடுபணியில் அந்தப் பத்தையும் மேற்கோள் காட்டிப் பட்டியலை நீட்டுவதை விட, மூல நூலைப் படித்து அதை எடைபோடுவதுதான் உருப்படியான வேலை.

எடை போட்டால் என்ன தெரிகிறது? உ.வே.சா. 1855இல் பிறந்தவர். இந்த நூல் வந்தபோது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கிருஷ்ணையர் அவருக்கு உறவினர். அதோடு, அவருடைய தந்தையார் கிருஷ்ணையரிடமே இசை பயின்றவர். அதாவது வீட்டில் கேட்டு வளர்ந்த செய்திகள். வேறு யாராலும் தந்திருக்க முடியாத நெருக்கம் அதில் இருக்கு. அதே நேரம், உறவினரைப் பற்றி, குருவின் புகழ் பாடும் சீடரின் வாயால் கேட்டது என்பதையும் மறக்கக்கூடாது.

இதற்கு ஒரு நல்ல ஒப்பீடு கைவசம் உண்டு. அதே 1936இல் உ.வே.சா. கோபாலகிருஷ்ண பாரதியார் பற்றியும் எழுதினார். பாரதியாரை அவர் நேரில் அறிந்தவர். மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படித்த காலத்தில் பாரதியாரிடம் கொஞ்ச நாள் இசையும் கற்றார். பிள்ளையவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்பதால் நிறுத்திவிட்டார். ஒரே ஆசிரியர், ஒரே ஆண்டு, ஒன்றில் கண்டது, மற்றொன்றில் கேட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “கண்டது எங்கே, கேட்டது எங்கே?” என்று ஆறாம் படிவ வகுப்பில் கேட்டுப் பாருங்கள். வரலாற்று நூலை வாசிக்கும் பயிற்சிக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ‘சங்கீத மும்மணிகள்’ என்ற தொகுப்பில், மகா வைத்தியநாதையர் வரலாற்றோடு இவ்விரண்டும் சேர்ந்தே கிடைக்கும்.

நூலின் பெரிய பலம் உ.வே.சா.வின் நடை. பாட்டை வெறுமனே தருவதில்லை. எந்தச் சூழலில், யார் முன்னால் பிறந்தது என்று சொல்லிவிட்டுத்தான் பாட்டுக்கு வருவார். புரவலர் கச்சிக் கல்யாணரங்கரைத் தலைவனாக வைத்துப் பாடிய பதங்களை அப்படிப் படிக்கும்போது மாணவர்களுக்கு அகப்பொருள் பாடமே நினைவுக்கு வரும். தலைவி ஏங்குவதும் சினப்பதும் நம் பிள்ளைகளுக்குப் பழக்கப்பட்டதுதானே.

ஆனால் எனக்கு ஒரு மனக்குறை அங்கேயேதான். பதத்துக்கு ஒரு நிகழ்ச்சி என்று ஒட்டிவிட்டால், பதம் புரவலருக்கு எழுதிய கடிதம் மாதிரி சுருங்கிப் போகுது. தலைவியின் குரல் காணாமல் போய், கோபித்துக்கொண்ட வித்துவானின் குரல்தான் மிஞ்சுது. நிகழ்ச்சியால் பாட்டு பிறந்ததா, பாட்டுக்குப் பொருத்தமாகப் பிறகு நிகழ்ச்சி பிறந்ததா? காளமேகத்தின் தனிப்பாடல்களோடு வரும் கதைகளிடம் கேட்கும் கேள்வியை இங்கேயும் கேட்கலாம். உ.வே.சா. அதைக் கேட்பதில்லை. நாம் கேட்டால் அவருக்கு மரியாதைக் குறைவும் இல்லை.

நூல் உடனே கைக்கு வராவிட்டால் ‘என் சரித்திரம்’ நூலின் தொடக்க அத்தியாயங்களைப் பாருங்கள். ஆனந்த விகடனில் 1940 முதல் 1942 வரை தொடராக வந்து, ஆசிரியர் மறைவால் முற்றுப்பெறாமல் நின்ற தன்வரலாறு அது, 1950இல் நூலானது. கிருஷ்ணையர் பற்றிய செய்திகள் அதிலும் உண்டு. மின்னூலாகவே கிடைக்கிறது. அதையும் இரண்டாவது சாட்சியாக எண்ணிவிடாதீங்க, அதே வாய்தான்.

நூலகத்தில் தேடும்போது எழுத்துக்கூட்டல் உங்களை ஏமாற்றும். கணினிப் பட்டியலில் ஆங்கில எழுத்தில் ‘கனம்’ என்பதை ஜி, ஜிஎச், கே என்று மூன்று விதமாகவும் போட்டிருப்பார்கள். கிருஷ்ணையர், கிருஷ்ண ஐயர் என்று பிரித்தும் சேர்த்தும் பாருங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் ஆசிரியர் பெயரில் போங்கள். அங்கேயும் சாமிநாதையர், சுவாமிநாதையர் என்று இரண்டு வழக்கு உண்டு.

நூலிலிருந்து விலகி நிற்கும் சாட்சி ஒன்று வேண்டுமானால், பாட்டைக் கேட்கணும். வீணை தனம்மாள் குடும்பத்தார் இவருடைய பதங்களைப் போற்றிப் பாடி வந்தவர்கள். அவர் பேத்திகள் பிருந்தா, முக்தா பாடிய ஒலிப்பதிவுகளைத் தேடிப் பாருங்கள். பைரவியில் அமைந்த ‘வேலவரே’ பதத்தை முதலில் கேளுங்க. அவ்வளவு நிதானமாக நகரும் பாட்டு இன்றைய பிள்ளைகளுக்கு முதல் தடவை பொறுமையைச் சோதிக்கும். நூலில் உள்ள கதையைச் சொல்லாமல் வகுப்பில் ஒருமுறை கேட்க விடுங்கள். பேசுவது யார், யாரிடம், என்ன மனநிலையில் என்று அவர்களே எழுதட்டும். நூலை அதற்கப்புறம் திறக்கலாம்.