சல்லடையில் தங்கிவிடும் செம்பு

பக்கவாதத்தில் விழுங்கும் சக்தி போனவருக்கு மூக்கு வழியே டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டால், அதன்பிறகு உணவுக் கணக்கு முழுவதும் வீட்டுக்காரர்கள் பாடு. வன்னியம்பட்டி, ராஜபாளையம் பக்கமானாலும் மதுரையானாலும் டியூபில் இறங்குவது ஏறக்குறைய ஒன்றுதான்: பால், அரிசிக் கஞ்சி, சத்துமாவுக் கூழ், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மோர், இளநீர்.

இந்த வழக்கத்தை ஏளனம் செய்ய இடமில்லை. மாதக்கணக்கில் டப்பா மாவு வாங்கக் கூலிக் குடும்பத்தால் முடியாது. வாங்கினாலும் விலைக்குப் பயந்து நீர்க்கக் கரைத்துக் கொடுத்தால், டப்பாவில் அச்சடித்த துத்தநாகக் கணக்கும் செலினியக் கணக்கும் பாதியாகிவிடும். வீட்டுக் கஞ்சி அன்றன்று காய்ச்சியது. நோயாளிக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்த கை கொடுப்பது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. டியூப் அடைத்துக்கொள்ளும் என்ற பயத்தில் எல்லாமே வடிகட்டப்படுகிறது. செம்பும் துத்தநாகமும் மிகுதியாக இருப்பது பருப்பின் சதையிலும் எள், கடலை போன்றவற்றிலும். அவை சல்லடையிலேயே தங்கிவிடுகின்றன. மிஞ்சுவது பால். பால்கோவாவுக்குப் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சீமையில் பாலைக் குறை சொல்வது சங்கடந்தான். ஆனால் ஒரு லிட்டர் பசும்பாலில் செம்பு சுமார் 0.1 மில்லிகிராம், பெரியவருக்கு நாளொன்றுக்கு அமெரிக்கப் பரிந்துரைப்படி 0.9 மில்லிகிராம் வேண்டும்.

பற்றாக்குறை உடனே தெரியாது. கல்லீரலில் இருப்பு உள்ளவரை உடல் சமாளிக்கும். பிறகு இரத்தசோகை வரும், வெள்ளை அணுக்கள் குறையும். நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால் தண்டுவடமும் பாதிக்கப்படும். பி12 குறைபாடு போலவே கால் மரத்து நடை தள்ளாடும். படுக்கையில் கிடப்பவரின் நடையை யார் பார்ப்பது? சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் பலன் கிடைக்காது. மூக்குக்குப் பதிலாக நேரே சிறுகுடலின் நடுப்பகுதியில் டியூப் வைத்தவர்களுக்கு ஆபத்து கூடுதல். செம்பு பெரும்பாலும் உறிஞ்சப்படும் இரைப்பையையும் முன்சிறுகுடலையும் உணவு தொடுவதே இல்லை. ஜப்பானில் இத்தகைய நோயாளிகள் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். செம்புக்காக டியூபில் கோகோ பொடி கரைத்துக் கொடுத்ததும் உண்டு.

சத்துமாவிலும் ஒரு சிக்கல் உண்டு. தானியத் தவிட்டிலுள்ள பைட்டேட் துத்தநாகத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பிகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத், வளர்ச்சி குன்றிய ஈரானிய இளைஞர்களைப் பற்றி 1961இல் எழுதியபோது, ரொட்டியே உணவாக இருந்ததை இதற்கான காரணங்களில் ஒன்றாகச் சந்தேகித்தார். முளைகட்டியோ புளிக்கவைத்தோ அரைத்தால் பைட்டேட் குறையும். அந்தப் பழைய பக்குவத்தை நேரமில்லை என்று கைவிடுவதுதான் நஷ்டம்.

இதைவிட மோசம், படுக்கைப் புண் ஆறட்டும் என்று துத்தநாக மாத்திரையை மாதக்கணக்கில் தொடர்வது. மிகையான துத்தநாகம் குடல் செல்களில் ஒரு புரதத்தைப் பெருக்கும். அது செம்பைப் பிடித்துவைத்து மலத்தோடு வெளியேற்றிவிடும். ஒரு குறையைத் தீர்க்கப்போய் இன்னொன்றை வரவழைத்த கதை.

செம்புக்கு வழி எள்ளிலேயே இருக்கிறது, ஆனால் எண்ணெயாக அல்ல: நல்லெண்ணெயில் தாது இல்லை, பிண்ணாக்கில்தான் இருக்கிறது. 20 கிராம் எள்ளை வறுத்து மைய அரைத்துக் கஞ்சியில் கலந்தால் ஏறக்குறைய 0.8 மில்லிகிராம் செம்பு. முட்டை செலினியம் தரும். அயோடின் உப்பையும் மறக்கக்கூடாது. எந்தப் பொருளை எவ்வளவு மைய அரைத்தால் அந்த டியூபில் இறங்கும் என்பதை வீட்டுக்கு அனுப்பும்போதே செவிலியர் காட்டித்தர வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிநிவாரணப் பராமரிப்புக்கும் ஆள் வீடு தேடி வருகிறார். ஆறு மாதத்துக்கொருமுறை அவர் இரத்த அணு எண்ணிக்கைக்கு மாதிரி எடுத்துக்கொண்டு போனாலே, வெள்ளை அணு சரிவதைத் தண்டுவடம் பழுதாகும் முன்பே பிடித்துவிடலாம்.