தரை துடைப்பவளின் கப்பல்

கலப்பு என்கிற சொல்லை இசை விமர்சகர்கள் பயன்படுத்துகிற விதம் எனக்கு எப்பவுமே உறுத்தும். காபரே, ஜாஸ், பாப் மூன்றையும் கலந்து பாடியவர் நினா சிமோன் என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். குழம்பில் என்னென்ன காய் கிடக்கிறது என்று சொல்கிற மாதிரி. ஏன் கலந்தார், எந்தக் கதவு சாத்தப்பட்டதால் கலக்க வேண்டி வந்தது என்பதைக் கேட்பதில்லை. கேட்டால் ரசனை கெட்டுப் போய்விடும்.

யூனிஸ் கேத்லீன் வேமன் என்பது அவருடைய பெயர். 1933ல் வட கரோலினாவில் ட்ரையான் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அம்மா மெதடிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்தவர்; பிழைப்புக்கு வெள்ளைக்காரர் வீட்டில் வேலை. அந்த வீட்டு எஜமானியின் பணத்தில்தான் பிள்ளைக்கு பியானோப் பாடம் ஆரம்பிக்கிறது. சொல்லிக் கொடுத்தவரும் வெள்ளைக்காரப் பெண்மணிதான். பாக் அங்கேதான் அறிமுகம். ஊரில் சிறுமி கச்சேரி வாசிக்கிறாள். முன்வரிசையில் உட்கார்ந்த அப்பா அம்மாவை எழுப்பிப் பின்னால் அனுப்புகிறார்கள். அவங்களை முன்னாடி உட்கார வைக்காவிட்டால் வாசிக்க மாட்டேன் என்று பிள்ளை நின்றுவிட்டது. தன்வரலாற்றில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

1951ல் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைப்பள்ளி அவருக்கு இடம் தர மறுத்தது. தோலின் நிறம்தான் காரணம் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். செவ்வியல் பியானோக் கலைஞர் ஆக வேண்டியவர் 1954ல் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மதுக்கடையில் வாரம் 90 டாலருக்கு உட்கார்ந்தார். வாசித்தால் மட்டும் போதாது, பாடவும் வேண்டும் என்றான் முதலாளி. பாடினார். பிசாசின் பாட்டைப் பாடுவது அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று பெயரை மாற்றிக்கொண்டார். நினா சிமோன் என்கிற பாடகி பிறந்தது இப்படித்தான். அவருடைய முதல் இசைத்தட்டில் ஒரு காதல் பாட்டின் நடுவே பியானோ திடீரென்று பாக் பாணியில் பின்னிப் பின்னிப் போகும். விமர்சகர்களுக்கு அது நயம். எனக்கு அது, பள்ளிக்கூடத்துக்குள்ளே விடாத பிள்ளை சன்னலுக்கு வெளியே நின்று பாடத்தை முழுசாக ஒப்பிக்கிற மாதிரிக் கேட்கிறது. சபா மேடைகளின் கதை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜாஸ் என்ற பெயரையே அவர் ஏற்கவில்லை. அது வெள்ளையர் ஒட்டிய முத்திரை, என்னுடையது கறுப்புச் செவ்வியல் இசை என்றார். செவ்வியல் என்ற சொல்லையே பிடுங்கிக்கொள்கிற வேலை இது. அதில் எனக்கு ஒரு தயக்கமும் உண்டு: அந்தச் சொல் நமக்கு எதற்கு? அதன் சிம்மாசனத்தில் நாம் உட்கார்ந்தால் சிம்மாசனம் அப்படியேதானே இருக்கும்? இருந்தாலும், பிடுங்கியவரின் கோபம் எனக்குப் புரிகிறது.

காபரே என்றதும் நம்ம ஆட்களுக்கு வில்லனின் கூடத்தில் நடக்கிற நடனமும் எல்.ஆர். ஈஸ்வரியின் குரலும்தான் ஞாபகத்துக்கு வரும். தப்பில்லை, அதுவும் ஒரு வகை. ஆனால் பெர்லினில் காபரே என்பது சின்ன மேடையில் நின்று ஆள்பவனைக் கிண்டல் செய்கிற கலையாகவும் இருந்தது. நியூயார்க்கில் கதை வேறு. மது விற்கிற இடத்தில் வாசிக்கவோ பாடவோ வேண்டுமானால் போலீஸ் கொடுக்கும் காபரே அட்டை வேண்டும். அதற்குக் கைரேகை வைக்க வேண்டும். பில்லி ஹாலிடே 1947ல் அந்த அட்டையை இழந்தார், தெலோனியஸ் மாங்க் 1951ல். 1967 வரை இந்த ஏற்பாடு இருந்தது. பாட்டுக்காரர் என்றால் குற்றவாளிப் பட்டியலில் ஒரு பெயர். கைரேகைச் சட்டம் பார்த்த மண்ணிலிருந்து படிக்கிறவர்களுக்கு இது அந்நியமாகவா இருக்கும்?

நான் முக்கியமாகப் பேச வந்தது 1964ல் வந்த ஒரே இசைத்தட்டைப் பற்றி. அந்த மார்ச், ஏப்ரலில் நியூயார்க் கார்னெகி ஹாலில் நடந்த கச்சேரிகளின் பதிவு. ஏழே பாட்டு. அதில் மூன்றாவது ‘பைரேட் ஜென்னி’. பிரெக்ட் எழுதி, கர்ட் வைல் இசையமைத்து, 1928ல் பெர்லினில் மேடையேறிய ‘மூன்று பென்னி ஆபெரா’வில் வருவது. ஒரு விடுதியில் தரை துடைக்கிற பெண். சில்லறையை வீசி எறிகிறார்கள்; அவள் கும்பிடு போட்டு வாங்கிக்கொள்கிறாள். ஒருநாள் கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வரும், பீரங்கியால் ஊரைத் தரைமட்டமாக்கும், எல்லோரையும் சங்கிலியில் கட்டி அவள் முன்னால் நிறுத்திக் கேட்பார்கள்: இவர்களை இப்போதே கொல்லவா, பிறகா? அவள் பதில் சொல்வாள். பிறகு கப்பல் அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும்.

மூலநாடகத்தில் இதைப் பாடுவது வேலைக்காரியே இல்லை. பாலி என்கிற பெண் தன் கல்யாணத்தன்று, எங்கேயோ பார்த்த ஒருத்தியைப் போல நடித்துப் பாடிக் காட்டுகிறாள். கேட்பவர்களுக்கு அது வேடிக்கை. ஜெர்மன் மூலத்தில் அது எட்டுப் பாய்மரக் கப்பல். மார்க் பிளிட்ஸ்ஸ்டைனின் ஆங்கில வடிவத்தில் கறுப்புச் சரக்குக் கப்பல் ஆனது. அவர் என்ன நினைத்துக் கறுப்பு என்று போட்டாரோ, நினாவின் வாயில் அந்தச் சொல்லுக்கு வேறு எடை வந்துவிட்டது. துறைமுகக் குடியிருப்பையும் மாற்றி, தெற்கத்திய ஊர் ஒன்றின் பாழடைந்த விடுதி என்று பாடுகிறார். அவ்வளவுதான் மாற்றம். அடிமைகளை ஏற்றி வந்த கடலில் இப்போது கப்பல் திரும்பி வருகிறது. யாருக்காக? வீடு துடைத்தவளுக்காக. பாடுகிறவரின் அம்மாவும் வீடு துடைத்தவர்தான். பாலியின் பாவனை இங்கே உதிர்ந்துபோகிறது.

ஆறு நிமிடத்துக்கு மேல் நீளும் இந்தப் பதிவில் பியானோ கொஞ்சம்தான். அடியில் டிரம் குமுறிக்கொண்டே இருக்கிறது. பாதிக்கு மேல் பேச்சு. கொல்லவா என்ற கேள்வி வந்ததும் நான் கத்தலை எதிர்பார்த்தேன். அவர் குரலைக் கிசுகிசுப்பாக இறக்கிவிடுகிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் வெள்ளையர் நிறைய. அந்தக் கிசுகிசுப்புக்கு அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். யாரை யார் விசாரிப்பது என்பது அந்த நொடியில் தலைகீழாகிறது.

அதே தட்டின் கடைசிப் பாட்டுதான் எல்லோருக்கும் தெரிந்த ‘மிசிசிப்பி காட்டாம்’. 1963 ஜூன் 12ல் மிசிசிப்பியில் மெட்கர் எவர்ஸைச் சுட்டுக் கொன்றார்கள்; செப்டம்பர் 15ல் பர்மிங்ஹாமில் ஒரு தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் செத்தார்கள். செய்தி கேட்டு வீட்டிலேயே துப்பாக்கி செய்ய உட்கார்ந்தவர் பிறகு பியானோவுக்குப் போய் எழுதிய பாட்டு இது. மெட்டோ துள்ளுகிறது! நாடகக் கொட்டகைப் பாட்டு மாதிரி. நாடகம்தான் இன்னும் எழுதப்படவில்லை என்று மேடையிலேயே கிண்டலும் அடிக்கிறார். முதலில் சிரித்த சபையின் சிரிப்பு போகப் போக அடங்குவதைப் பதிவில் கேட்கலாம். ஒப்பாரி வைத்திருந்தால் உச்சுக் கொட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

நம்ம தோழர்களிடம் எனக்கு இங்கே சண்டை உண்டு. ஒரு வாசிப்புக் கூட்டத்தில் இந்தத் தட்டைப் போட்டபோது ஒருவர் சொன்னார்: கடைசிப் பாட்டு போதும் தோழர், மற்றதெல்லாம் குடிகாரர்களுக்குப் பாடியது. போராட்டப் பாட்டு என்றால் கோஷம் இருக்கணும் என்கிற பழக்கம். ‘டோன்ட் ஸ்மோக் இன் பெட்’ என்ற பாட்டில் ஒரு பெண் தூங்குகிற புருஷனுக்குச் சீட்டு எழுதி வைத்துவிட்டு வெளியேறுகிறாள். அது அரசியல் இல்லையா? 1972ல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்த காலத்திலிருந்து கறுப்பர் போராட்டத்தை நாம் உறவாகப் பார்க்கிறோம். அந்த உறவில் பெண்களின் வீட்டுக் கதை மட்டும் ஏன் வாசலிலேயே நிற்கிறது? நினாவை அவருடைய கணவர் அடித்தார். முன்னாள் போலீஸ்காரர், அவருடைய தொழிலையும் நிர்வகித்தவர். டைரிக் குறிப்புகளில் இருக்கிறது, 2015ல் வந்த ஆவணப்படத்திலும் வருகிறது. 1965 மார்ச்சில் செல்மா பேரணிக்காரர்களுக்கு மாண்ட்கோமரியில் பாடியவரும் இதே பெண்தான்.

1966ல் வந்த ‘ஃபோர் விமன்’ பாட்டை இதோடு சேர்த்துக் கேட்கணும். நான்கு பெண்கள், நான்கு தோல் நிறங்கள். சுமை தாங்கி முதுகு பலப்பட்ட கரியவள், வெள்ளைப் பணக்காரன் அம்மாவைப் பலாத்காரம் செய்ததில் பிறந்தவள், உடலை விற்பவள், கசந்துபோன நான்காமவள். கறுப்பர் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை படிநிலை! கறுப்புப் பெண்களை இழிவுபடுத்துகிறது என்று சில வானொலிகள் ஒலிபரப்பவில்லை. உட்சாதி பற்றி நாமே பேசினால் ஒற்றுமை போய்விடும் என்று நம்மவர்கள் பதறுகிற அதே பதற்றம்.

எழுபதுகளில் அவர் அமெரிக்காவை விட்டுப் போனார். 1974ல் லைபீரியாவுக்குப் போனதை வீடு திரும்பியதாகச் சொன்னார். பழகியது ஆளும் குடும்பங்களோடு. அமெரிக்காவிலிருந்து திரும்பிய விடுதலையான கறுப்பர்களின் வாரிசுகள் அவர்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கீழே வைத்து ஆண்டவர்கள். 1980ல் கலகம் வெடித்து அந்த ஆட்சி விழுந்தது. அங்கேயும் தரை துடைத்தவர்கள் இருந்தார்களே! ஜென்னியைப் பாடியவருக்கு அவர்கள் கண்ணில் படவில்லையா என்று கேட்காமல் அவரைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

முதல் தட்டின் உரிமையை 3000 டாலருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். 1987ல் ஒரு வாசனைத் திரவிய விளம்பரத்தில் அதிலிருந்த பாட்டு வந்து உலகமெல்லாம் விற்றது. 2003 ஏப்ரலில், பிரான்சில் அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, கர்ட்டிஸ் பள்ளி கௌரவப் பட்டம் கொடுத்தது. கேட்க நினைக்கிறவர்கள் கார்னெகி ஹால் தட்டிலிருந்து தொடங்கலாம். ஒரு பாட்டையும் தாண்டாமல், ஏழையும் வரிசையாக.